முட்டைக் காசில் வந்த மஞ்சள் ஒளி

ஓடுகிற பிள்ளைகளின் முட்டையையும் பாலையும் நிறுத்தியவன் நான்தான். பழியை நிர்வாகத்தின் தலையில் போட்டுவிட்டு இத்தனை காலம் நல்லவனாக நடமாடினேன். உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்...

திருச்சிக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆசிரியன் நான். வேலையில் சேர்ந்த புதிதில், ஒளியைப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி ஒன்று ஆய்வகத்துக்கு வேண்டுமென்று கேட்டேன். பணமில்லை என்று கைவிரித்தார்கள். மாணவர்கள் கட்டும் விளையாட்டுக் கட்டணம் மட்டும் இருந்தது. ஓட்டக்காரர்களின் காலை முட்டையும் பாலும் அதிலிருந்துதான்.

"ஒரு வருஷம் நிறுத்தினா என்னங்க சார்? படிப்புக்குத்தானே கேக்கறேன்!" என்றேன். முதல்வர் தலையாட்டிவிட்டார்.

கருவி வந்தது. இருட்டறையில் சோடியம் விளக்கை ஏற்றிக் கண்ணை வைத்தேன். ஆஹா, அந்த மஞ்சள்! சுவர், மேசை, என் கை எல்லாம் கரைந்து, அந்த ஒளியில் நான் மட்டும் மிதந்தேன்... வெளியே மைதானத்தில் காலடி ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தக் காலடிகளில் ஒன்று செல்வியுடையது. காட்டூர்ப் பெண், என் வகுப்பு மாணவி. ஓடி ஜெயிக்கும் வரை அவளுக்குக் கல்லூரியில் கட்டணமில்லை.

அந்த வருடப் போட்டியில் கடைசிச் சுற்றில் மயங்கி விழுந்தாள். சலுகை போயிற்று, படிப்பும் நின்றது. வெறும் வயிற்றோடு ஓடுகிறாள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும்! தெரிந்துதான் கண்ணை மறுபடி கருவியில் வைத்துக்கொண்டேன்.

இந்த ஆண்டு கல்லூரி திறக்கும் முன், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் ஒரு பெண் என்னை வணங்கினாள்.

"செல்விங்க சார். இது என் பொண்ணு. உங்க காலேஜ்லதான் பிசிக்ஸ் சேந்திருக்கா. எனக்குத்தான் குடுத்து வைக்கல... அன்னிக்கு விழுந்து எல்லாத்தையும் கெடுத்துக்கிட்டேன்."

நீ கெடுக்கவில்லையம்மா... சொல்ல வாயெடுத்தேன். "அதையெல்லாம் மறந்துடும்மா" என்றுதான் வந்தது. என்ன பெருந்தன்மை எனக்கு!

நேற்று அவள் மகளுக்கு ஆய்வகத்தில் முதல் வகுப்பு. அதே விளக்கு, அதே கருவி. குனிந்து பார்த்தவள் வெகுநேரம் நிமிரவே இல்லை. அவள் முகமெல்லாம் மஞ்சள்.

"எவ்வளவு அழகா இருக்கு சார்! எங்கம்மா படிச்சப்பவும் இது இருந்துச்சா?"

"அப்பதாம்மா வந்துச்சு" என்றேன்.

அவள் சிரித்தபடி மீண்டும் குனிந்துகொண்டாள். நான் அங்கேயே நின்றேன்.