நான் வெட்டிய இரண்டு விரல் அகலம்

போன தீபாவளிக்கு முந்திய தீபாவளிச் சமயம். பதுளையில் பத்து நாளாக விடாத மழை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிற எங்கள் படக் கடையில், ஒட்டிய பசை எதுவும் காயாமல் நான் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத் தொடங்கிய விஷயம் இன்றைக்கும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. எழுதிப் பார்த்தாலாவது விளங்குமா என்றுதான் எழுதுகிறேன்.

கடையை நானும் என் வீட்டுக்காரரும் நடத்துகிறோம். மரம் அறுப்பது அவர்; வெட்டுவது, ஒட்டுவது, கண்ணாடி போடுவது எல்லாம் நான். வாசல் பலகையில் 'படங்களுக்குச் சட்டம் போட்டுத் தரப்படும்' என்று எழுதியிருக்கும். எதிர்க்கடைக்காரர் அதைப் பார்த்து, இன்றைக்கு என்ன சட்டம் போட்டீர்கள், பாராளுமன்றம் கூடிவிட்டதா என்று தினமும் கேலி செய்வார். சாமி படம், கல்யாணப் படம், செத்துப்போனவர்கள் படம், இந்த மூன்றும்தான் எங்களுக்குச் சோறு. நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் என் கை படாத லட்சுமி இந்தப் பக்கத்து லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், குறைவுதான்.

என் வேலை சுத்தமாக இருக்கும். பிசிறு, கறை, மடிப்பு எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம்தான் என்னை மாட்டிவிட்டது.

மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். என்னைவிடச் சில வயது குறைவாக இருக்கும். உரப்பையைக் கிழித்துச் சுற்றிய ஒரு சுருளை நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார். பிரித்தால், ஒரு கை நீளத்துக்குத் தடித்த காகிதம். அதில் ஆள் இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை. ஒரு பக்கம் பச்சைப் பச்சையாகச் சாய்ந்த கோடுகள். இன்னொரு பக்கம் வரிசையாகச் சாம்பல் நிறக் கட்டங்கள். நடுவில் ஒரு சிவப்புக் கோடு குறுக்கே ஓடியது.

"இது என்னங்க?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. மக வரைஞ்சது" என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வந்தது. மகளுக்குத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. லயமே கொண்டாடிய வேலை. மகளோ அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு, கொழும்பில் சித்திரம் படிக்கப் போய்விட்டாள். போவதற்கு முதல் நாள் இந்தப் படத்தை அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். இந்தக் கிறுக்கலுக்காகவா வேலையை விட்டாய் என்று அம்மா கேட்டுவிட்டார். அதோடு பேச்சு நின்றது, படத்தை விட்டுவிட்டு மகள் போய்விட்டாள். பத்து மாதமாக இருவருக்கும் நடுவில் பக்கத்து வீட்டுக்காரி போனில் கேட்டுச் சொல்கிற சேதிதான். இப்போது தீபாவளிக்கு மகள் வருகிறாள். உள்ளே நுழைந்ததும் இந்தப் படம் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருப்பதை அவள் பார்க்க வேண்டும். அதுதான் அந்த அம்மாவின் ஆசை. வாய் திறந்து மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் வேறு எப்படிக் கேட்பார்கள்?

எது மேல், எது கீழ் என்று கேட்டேன். தெரியாது என்றார். எங்கள் தொழிலில் அதற்கு ஒரு வழி உண்டு. வரைந்தவர் கையெழுத்து எந்த ஓரத்தில் இருக்கிறதோ அதுதான் கீழ்ப்பக்கம். இதில் தேடிப் பார்த்தேன், கையெழுத்தே இல்லை. சரி, பச்சை என்றால் தரை, சாம்பல் என்றால் மழை மேகம், மேகம் மேலேதானே இருக்கும் என்று நானே முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன். மறுநாள் சனிக்கிழமை மகள் வருகிறாள்.

அவர் போனபிறகுதான் பார்த்தேன், நான் மேகம் என்று நினைத்த பக்கத்து ஓரத்தில் நாலைந்து கறைகள். கறுப்பும் பழுப்பும் கலந்து அப்பியிருந்தன. ஒன்று இழுபட்டு வேறு இருந்தது. அந்த அம்மாவின் விரல்களை நான் பார்த்திருந்தேன். கொழுந்து பறிக்கிறவர்களின் விரல்கள், எத்தனை தேய்த்தாலும் போகாத கறை ஏறியவை. பாவம், கழுவாத கையோடு தூக்கி மகள் படத்தை அழுக்காக்கிவிட்டார், சொன்னால் வெட்கப்படுவார் என்று எண்ணிக்கொண்டேன். அழிறப்பரால் தேய்த்தேன், போகவில்லை. அளவுகோலை வைத்து, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரே இழுப்பில் வெட்டி எடுத்தேன். அவ்வளவு நேராக வெட்டியதில் எனக்கே ஒரு திருப்தி. ஒரு நல்ல காரியத்தைச் சத்தமில்லாமல் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். தங்கநிற ஓரம் வைத்த சட்டம், பளபளவென்று கண்ணாடி. முகம் மலர்ந்துவிட்டது. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைத் தடவினார். தடவிக்கொண்டே போனவர் ஓரத்தில் நின்றார். படத்தைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். எதையோ தேடுகிறார் என்று புரிந்தது.

"அக்கா, இதுல என் கை இருந்துச்சே" என்றார்.

என்ன கை என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு அந்தக் கறைகள் ஞாபகம் வந்தன. அவர் சொன்னார். ஒரு நாள் மலையிலிருந்து இறங்கி வந்து கை கழுவப் போனபோது, மகள் பிடித்து இழுத்து, விரல்களை அப்போது வெறுமையாக இருந்த காகிதத்தின் ஓரத்தில் அழுத்தியிருக்கிறாள். காகிதம் வீணாகிறதே என்று இவர் கையை உருவியதில் சுண்டுவிரல் மட்டும் இழுபட்டுவிட்டது. எதற்காகச் செய்தாள் என்று அவருக்கும் தெரியாது. அந்தப் படம் முழுக்க அவருக்கு அடையாளம் தெரிந்த ஒரே இடம் அதுதான்.

உண்மையைச் சொல்லிவிட்டேன். குப்பைப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். முந்தின நாள்தான் குப்பை வண்டி வந்து போயிருந்தது. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பரவாயில்லக்கா, நீங்க சுத்தமாத்தான் செஞ்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, படத்தை உரப்பையில் சுற்றிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். சுத்தம் என்ற வார்த்தை அன்றைக்குப்போல என்னை என்றும் சுட்டதில்லை.

தீபாவளி கழிந்து மூன்றாம் நாள் மகள் வந்தாள். கையில் அதே படம். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்து வீட்டுக்காரரைப் பின்னால் அனுப்பிவிட்டேன். வாங்குவதை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு வைராக்கியம். அவளோ மேசையில் படத்தை வைத்து, தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

பச்சை எப்படி மேலே வரும் என்று கேட்டேன்.

"லயத்துல இருந்து பார்த்தா மலை தலைக்கு மேலதானே ஆன்டி இருக்கு" என்றாள். சாம்பல் கட்டங்கள் லயக் காம்பராக்கள், ஒட்டி ஒட்டிக் கட்டிய அறைகள். சிவப்புக் கோடு மலைக்கு ஏறுகிற பாதை. நான் ரோட்டிலிருந்து பார்த்திருக்கிறேன், அவள் உள்ளேயிருந்து பார்த்திருக்கிறாள்.

எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. இதை ஆளும் வீடுமாக, பார்த்தால் தெரிகிற மாதிரி வரைந்தால் என்ன என்று கேட்டேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேமரா வந்தபிறகு, கண்ணால் பார்ப்பதை அப்படியே வரைய நாம் எதற்கு என்று வெளிநாட்டு ஓவியர்கள் சிலர் கேட்டார்களாம். ஒருவர் முகத்தை முன்பக்கமும் பக்கவாட்டுமாக ஒரே நேரத்தில் வரைந்தாராம். படத்தில் பத்திரிகைத் துண்டை வரையாமல், பத்திரிகையையே ஒட்டினார்களாம். ஒருவர் கழிப்பறைப் பீங்கானையே கண்காட்சிக்கு அனுப்பினாராம். ஊரே சிரித்ததாம், காறித் துப்பியதாம். பிறகு சிலர் சட்டமே வேண்டாமென்று தூக்கிப் போட்டுவிட்டார்களாம். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அப்போது எங்கள் பிழைப்பு என்னாவது?

கேட்டதும் சிரித்துவிட்டாள். நான் கட்டியிருந்த சேலையைக் காட்டினாள். கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டம் கட்டமாகப் போட்ட சேலை. இதில் பூ இருக்கிறதா, மாங்காய் இருக்கிறதா என்று கேட்டாள். அன்றைக்கு ஊர் சிரித்த கோடும் கட்டமும்தான் இன்றைக்குச் சேலையிலும் ஜன்னல் திரையிலும் பிஸ்கட் பெட்டியிலும் வந்து உட்கார்ந்திருக்கிறதாம். நான் குனிந்து என் சேலையையே வெறித்துப் பார்த்தேன். தள்ளுபடியில் எடுத்த சேலைக்கு இவ்வளவு சரித்திரமா?

அப்புறம் அவள் சுவரைக் காட்டினாள். எங்கள் கடையில் நன்றாக விற்கிற படம் ஒன்று அங்கே தொங்கியது. பனி படர்ந்த தேயிலை மலை, கூடை சுமந்து சிரிக்கிற பெண், தலையில் பூ. ஹோட்டல்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப் போவார்கள்.

"அந்தக் கையைப் பாருங்க ஆன்டி" என்றாள்.

பார்த்தேன். ரோஜா நிறத்தில், நகம் திருத்திய, துளி கறை இல்லாத விரல்கள். எத்தனையோ வருடமாக அந்தப் படத்துக்குத் தூசி தட்டியவள் நான். என்னைச் சுற்றி இருக்கிற எந்தக் கொழுந்துக்காரியின் கையும் அப்படி இல்லை என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. கறை இருந்த கையை வெட்டி எறிந்துவிட்டு, கறை இல்லாத கையை மாட்டி வைத்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

அழுக்கென்று நினைத்துவிட்டேன் மகளே, கைநாட்டு மாதிரிக்கூடத் தெரியவில்லையே என்று ஏதோ உளறினேன்.

"கைநாட்டு இல்ல ஆன்டி, கையெழுத்து. படத்துக்குக் கீழ போடுவாங்களே, அது. அந்த மலையைப் பச்சையா வச்சிருக்கிறது எங்கம்மாதானே, அவங்கதானே போடணும்."

கையெழுத்தைத்தான் நான் அன்றைக்குத் தேடினேன். அது என் கண்ணெதிரே இருந்தது.

அம்மாவின் விரல் அடையாளத்தை இன்னொரு காகிதத்தில் எடுத்து வா, ஒட்டு தெரியாமல் சேர்த்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். வேண்டாமென்றாள். பிறகு, கோபம் இல்லையா என்று நான் கேட்காமலே சொன்னாள். தீபாவளிக்கு முதல் நாள் அவள் வாசலில் வந்து நின்றாளாம். அம்மா சுவரைக் காட்டி, "என் கையைக் காணோம்டி" என்று சொல்லி அழுதாராம். பத்து மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை அது. அதற்குப் பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைத் திட்டிக்கொண்டே சமைத்தார்களாம். அதைக் கேட்டு நான் சிரிப்பதா அழுவதா?

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. படத்தை நேராகத் திருப்பி, மூன்று பக்கம் மட்டும் சட்டம் போட வேண்டும். கீழ்ப்பக்கம் திறந்திருக்க வேண்டும், வெட்டியது தெரிய வேண்டும். மூன்று பக்கச் சட்டம் என்று ஒன்று எங்கள் தொழிலிலேயே கிடையாது, கண்ணாடி நழுவும் என்றேன். கண்ணாடி வேண்டாமென்றாள். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, நமக்கு எதற்கு இந்த வம்பு என்று முணுமுணுத்தார். நான் ஆணிகளைப் பிடுங்கி, கீழ்ச் சட்டத்தைக் கழற்றினேன். கைக்கு அது பிடிக்கவே இல்லை. முடித்துத் தூக்கிப் பார்த்தபோது, படம் அந்த வழியாகக் கீழே இறங்கிப் போய்விடும்போல் இருந்தது. அழகா, அலங்கோலமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் மட்டும் திருப்தியாக எடுத்துக்கொண்டு போனாள்.

நான் செய்தது நல்லதில் முடிந்ததா, நல்லதாக முடிந்ததனால் நான் செய்த தவறு தவறில்லையா, இன்னும் குழப்பம்தான். சிரிக்கிற பெண்ணின் படத்தை இப்போதும் விற்கிறேன். விற்கும்போது அந்தக் கையைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. கழற்றிய அந்த நாலாவது சட்டம் என் மேசையில்தான் கிடக்கிறது, வேறு எந்தப் படத்துக்கும் அதைப் போட மனம் வரவில்லை. யாராவது கறை படிந்த படத்தைக் கொண்டுவந்தால், இது யாருடையது என்று முதலில் கேட்கிறேன். கேட்டுவிட்ட பிறகும், அளவுகோலை வைத்துக் கத்தியை எடுக்கும் என் சுத்தமான கை ஒரு நிமிடம் அங்கேயே நின்றுவிடுகிறது.