மாடில்டாவைக் குத்திய காலை

கனடாவின் எட்மன்டன் ஆய்வகத்தில் நல்ல ஊசிக்குப் பெயர் வைப்பார்கள். அணுக்களைப் படமெடுக்கவும் பிடுங்கவும் உதவும், நுனியில் ஒற்றை அணு நிற்கும் டங்ஸ்டன் ஊசி லேசில் அமையாது. அமைந்துவிட்டால் யாரும் அதைச் சீண்டக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அந்தக் குளிர்காலத்து ஊசியின் பெயர் மாடில்டா. அது இருந்த வெற்றிடக் கலத்தின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "மாடில்டா தூங்குகிறாள். எழுப்பாதே."

அதை இயக்கியவள் டாரியா ஹ்னாட்யூக். எண்ணெய்க் குழாய் வெல்டரின் மகள். அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். சிலிக்கான் பரப்பை ஹைட்ரஜன் அணுக்கள் கம்பளம்போல மூடியிருக்கும். அதிலிருந்து வேண்டிய ஒன்றை மட்டும் பிடுங்குவது அவள் வேலை. பிடுங்கிய இடம் திரையில் வெள்ளைப் புள்ளியாக ஒளிரும். இப்படியே அணுக்களை எடுத்தும் வைத்தும் ஒருநாள் பொருள்களையே கட்டி எழுப்பலாம் என்பது ஆய்வகத்தின் கனவு.

"நான் ஒரு நாள்ல ஒரு தெரு நீளத்துக்குக் குழாய் ஒட்டுறேன். நீ இந்த வருஷம் என்னம்மா ஒட்டின?" என்று அப்பா வால்டர் போனில் சீண்டினார்.

"ஒட்டலப்பா, பிடுங்கினேன். பன்னிரண்டு அணு."

"நம்ம ஊர்ல கோழி றெக்கை பிடுங்குறவன்கூட உன்னைவிட வேகம்."

அந்தப் பன்னிரண்டில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. ஊசி வழியே அனுப்பும் ஒரு மின்துடிப்புக்கு ஓர் அணு பிடுங்குவதுதான் வழக்கம். மாடில்டா ஒரே துடிப்பில் இரண்டைப் பிடுங்கியிருந்தது. ஆறு துடிப்பு, வரிசையாக ஆறு ஜோடி. "வேகம் இரட்டிப்பு!" என்று ஆய்வகத் தலைவர் கிரஹாம் கூத்தாடினார். திட்டம் நீடிக்குமா என்று முடிவு செய்ய மதிப்பீட்டாளர் வரும் நாளில் அந்தப் படத்தைத்தான் காட்டப்போகிறார்கள். திட்டம் நின்றால் டாரியாவுக்கு அங்கே வேலை இல்லை.

அந்த நாளும் வந்தது. காலையில் படத்தைப் பெரிதாக்கியபோது, மூலையில் கிடந்த ஒரு தூசு அவள் கண்ணில் பட்டது. அதுவும் ஜோடியாக இருந்தது. அதே இடைவெளி, அதே சாய்வு. தூசை யார் ஜோடியாகப் பிடுங்கினார்கள்?

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஊசிக்கு இரண்டு நுனி முளைத்திருக்கிறது. ஒவ்வொன்றையும் இரண்டாகக் காட்டுகிறது. ஊசியைப் பரப்பில் லேசாகக் குத்திச் சீராக்கிவிட்டு மறுபடி படமெடுத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நல்ல ஊசியாயிற்றே என்று ஒருவரும் குத்தவில்லை. தானும் ஏன் குத்தவில்லை? சட்டத்துக்குப் பயந்தா, பன்னிரண்டு பிடித்திருந்ததாலா? இரண்டாவதுதான் என்று பட்டது. அதனாலேயே கோபம் வந்தது.

"குத்தப் போறேன்," என்றாள்.

கிரஹாம் காபியைக் கீழே வைத்தார். "பைத்தியமா உனக்கு? ஊசி செத்துடும். மத்தியானம் மதிப்பீட்டுக்கு அந்தம்மா வந்துடுவாங்க."

"தூசைப் பாருங்க."

பார்த்தார். "இன்னைக்கு மட்டும் விட்டுடு. நாளைக்குக் குத்து."

"நாளைக்குக் குத்தினா இன்னைக்குக் காட்டுறது பொய், கிரஹாம்."

அவர் கை நீளுமுன் அவள் சீட்டைக் கிழித்துவிட்டுக் குத்தினாள். மறுபடி எடுத்த படத்தில் ஆறே புள்ளிகள். தூசு ஒன்று.

மதிப்பீட்டாளர் எலின் ஸ்ட்ரோம் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "ஜோடி ஜோடியா ஏதோ இருக்குன்னு எழுதியிருந்தீங்களே?"

"இல்லைங்க. ஆறுதான். எங்க தப்பு," என்றாள் டாரியா.

"இந்த வேகத்துல ஒரு அரிசி மணி அளவுக்கு ஏதாவது கட்ட பூமியோட வயசே பத்தாது. தெரியும்தானே?"

"தெரியும். ஒரு ஊசியை வச்சுக்கிட்டுக் கட்டினா பத்தாதுதான். கோடி ஊசி சேர்ந்தா முடியுமா? தெரியாது. முடியாதுன்னும் யாரும் இன்னும் நிரூபிக்கல. ஆனா தப்பா எடுத்ததைத் திரும்ப வைக்க முடியும். பாருங்க."

குத்தியதில் ஊசி நுனியில் ஹைட்ரஜன் ஒட்டியிருக்க வேண்டும் என்று நம்பி, நான்காவது புள்ளியின் மேல் இறக்கினாள். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. கிரஹாம் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் தடவை புள்ளி அணைந்தது. கம்பளம் மூடிக்கொண்டது.

ஸ்ட்ரோம் திரைக்கு அருகே குனிந்தார். "தன்னைத்தானே பெருக்கிக்கிட்டு ஊரையே தின்னுற எந்திரம் வந்துடும்னு பயமுறுத்துறாங்களே?"

"ஒரு அணுவை வைக்கவே நான் படாதபாடு படுறேன். எனக்குப் பயம் வேற. நிஜமாவே எதை வேணும்னாலும் கட்ட முடிஞ்சா, அது யார் கையில இருக்கும்? ஆயுதம் கட்டுறவன் நம்மகிட்ட கேட்டுட்டா கட்டுவான்? அதையும் இப்பவே பேசணும்."

"திட்டத்துக்கு இன்னும் ஒரு வருஷம் கொடுக்கச் சொல்றேன். ஆனா திட்டத் தலைப்புல இருக்கிற 'உற்பத்தி'ங்கிற வார்த்தை வேண்டாம். பாக்குறவங்க சிரிப்பாங்க."

கிரஹாம் வேகமாகத் தலையாட்டினார். டாரியா ஆட்டவில்லை. ஒரு வருடம் கையில் வந்து நிற்கிறது. வாயைத் திறந்தால் அதுவும் கைவிட்டுப் போய்விடலாம்.

"பொய்ப் படத்தை நாங்களே தூக்கிப் போட்டுட்டோம். வார்த்தையை எடுக்க மாட்டேன். எங்க நோக்கம் அதுதான். சிரிச்சா சிரிக்கட்டும்."

ஸ்ட்ரோம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப ஆறு மாசம்தான்," என்று எழுந்தார்.

அவர் போனதும் கிரஹாம் பெருமூச்சு விட்டார். "ஒரு வார்த்தைக்கு ஆறு மாசத்தை வித்துட்டே."

"மீதி ஆறு நம்மதுதானே," என்று டாரியா ஊசியை மறுபடி இறக்கினாள். அப்பாவுக்கு அன்று மாலையே போன் போட்டுச் சொன்னாள்: "பன்னிரண்டு இல்லப்பா, ஆறுதான். அதுலயும் ஒண்ணைத் திரும்ப வச்சுட்டேன்."