பதினோராவது சுண்ணாம்புக் குறி

இது நடந்தது. விலங்கியல் படித்தவள் நான். எண்ணிப் பார்க்காத எதையும் எழுதிப் பழக்கமில்லை. இதையும் எண்ணினேன். அதனால்தான் எழுதுகிறேன்.

1968 ஆகஸ்ட். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தேன். விடுமுறையில் எங்கள் மண்டபத்தைப் பொலிஸ் பயிற்சிக்குக் கொடுத்திருந்தார்கள். பல ஊர்களிலிருந்து வந்த பதினைந்து புதிய கான்ஸ்டபிள்கள். குண்டாந்தடியால் உடம்பில் எங்கே அடிக்கலாம், எங்கே அடித்தால் ஆள் செத்துப்போவான் என்று விளக்கப் பள்ளி அதிபர் என்னை அனுப்பினார். அத்தனை ஆண்கள் முன்னால் எனக்குக் குரல் எழவில்லை. படம் வரைந்து காட்டினேன். கை, தொடை, கெண்டைக்கால். கழுத்துக்கு மேலே கூடவே கூடாது.

கடைசி நாள் சோதனை. கூரை மரத்திலிருந்து வைக்கோல் அடைத்த சாக்குப் பொம்மை ஒன்று தொங்கியது. அதற்குக் கருநீலச் சேர்ட் போட்டிருந்தார்கள். நான்கு பொத்தான்கள் வெள்ளை, ஒன்று மட்டும் சிவப்பு. கொலரில் பச்சை நூலால் தைத்த ஒட்டு.

"சேர்ட் யாருடையது?" என்று கேட்டேன்.

"ஒரு ஸ்டேஷன்ல பழைய வழக்குச் சாமானோட கெடந்திச்சி, மிஸ். கேட்டு யாரும் வரல்ல," என்றார் சார்ஜன்ட் ஸக்கரியா.

தடியின் நுனியைச் சுண்ணாம்புத் தூளில் தோய்த்துப் பத்து அடி அடிக்க வேண்டும். பொம்மையில் பத்து வெள்ளைக் குறிகள் விழும்; அடுத்தவன் வருமுன் அவற்றைத் துடைத்துவிடுவார்கள். தலையில் ஒன்று விழுந்தாலும் வேலை போய்விடும். குறிகளை எண்ணிக் கையெழுத்திட வெளியாள் ஒருவர் வேண்டும் என்றார்கள். அது நான்.

பதினான்கு பேர் தேறினார்கள். கடைசியாக ஜைனுதீன். இருபத்தொரு வயது. வகுப்பில் கேள்வி கேட்டவன் அவன் ஒருவன்தான். "உம்மாவும் மூனு தங்கச்சியும். இந்தச் சம்பளத்த விட்டா வேற ஒன்னுமில்ல, மிஸ்," என்று காலையில் சொல்லியிருந்தான்.

மணி 4.35. மழை பிடித்துக்கொண்டது.

"டேய், பொம்மைக்கு சலாம் சொல்லிட்டு அடிடா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சிரித்தார்கள்.

பொத். பொத். வைக்கோலில் விழும் சத்தம். எண்ணிக்கொண்டே வந்தேன். ஏழாவது அடி வலது தொடையில் விழுந்ததைப் பார்த்தேன்.

பொத்.

உடனே... டொக்.

எலும்பில் மரம் படும் சத்தம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 4.40. வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

பத்து அடி முடிந்தது. குறிகளை எண்ணினேன். பதினொன்று. இடது காதுக்குப் பின்னால் வட்டமாக ஒன்று.

"தலையில ஒன்னு," என்றார் சார்ஜன்ட்.

"அல்லாஹ் மேல சத்தியமா நான் தலைக்கு அடிக்கல்ல, சேர்! மிஸ் எண்ணினாங்க தானே? சொல்லுங்க மிஸ்..."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பத்து அடிதான் என்று சொன்னால் போதும். நான் பொம்மையையே பார்த்தேன்.

"குறி இருக்குதா இல்லியா, மிஸ்?"

இருந்தது. 'தலையில் ஒன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஜைனுதீன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

மணி 5.20. எல்லோரும் தேநீருக்குப் போயிருந்தார்கள். தடிகளும் சுண்ணாம்பும் ஜீப்பில் ஏறிவிட்டன. நான் மட்டும் மண்டபத்துக்குத் திரும்பி வந்தேன். ஈரத் துணியால் அந்தக் குறியைத் துடைத்தேன். போய்விட்டது. மூன்று அடி பின்னால் நகர்ந்தேன்.

டொக்.

அதே இடத்தில் வெள்ளை வட்டம்.

மறுபடி துடைத்தேன்.

டொக்.

அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினேன். வைக்கோல் அமுங்க வேண்டும்.

அமுங்கவில்லை.

கெட்டியாக... வளைவாக...

சூடாக இருந்தது.

ஓடினேன்.

மறுநாள் காலை சார்ஜன்டிடம் சொன்னேன். அவர் சாக்கைக் கிழித்துக் காட்டினார். வைக்கோல்தான். ஜைனுதீனுக்காக மேலிடத்துக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். பதில் இல்லை. அவன் மாத்தளையில் மிளகு மூட்டை தூக்குவதாகக் கேள்விப்பட்டேன்.

ஜனவரியில் தேயிலைத் தோட்டத்திலிருந்து சுந்தரம்மா என்ற பெண் மகளைப் பள்ளியில் சேர்க்க வந்தாள். பிள்ளையின் சட்டையில் பச்சை நூலால் ஒட்டு. ஒரு பொத்தான் மட்டும் சிவப்பு.

நூலைப் பற்றிக் கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு சேர்ட்டுக்கும் இதே நூலு, இதே பொத்தானு தாங்க மிஸ். அழகமுத்துன்னு பேரு. பொலிஸ்காரங்க விசாரிக்கணும்னு கூட்டிக்கிட்டுப் போனாங்க. அன்னைக்கே செத்துட்டாருன்னாங்க. சேர்ட்டைக் கேட்டு மூனு தடவ போனேன். குடுக்கல."

"எப்படி... செத்தார்?"

"வழுக்கி விழுந்தாராம்." அவள் கை தானாகத் தன் இடது காதுக்குப் பின்னால் போனது. "இங்கதான் அடி. நாலு நாப்பதுன்னு கடுதாசியில போட்டிருந்துச்சி. விழுந்ததக் கண்ணால பார்த்தேன்னு யாரோ படிச்சவங்க கையெழுத்து வச்சிருந்தாங்க."

கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தேன்.

"நீங்களும் படிச்சவங்க தானே, மிஸ்," என்றாள். "நடக்காத ஒன்னுக்கு எப்படிங்க கையெழுத்து வைப்பாங்க?"