அம்மா போட்ட துரு

மண்ணெண்ணெயில் ஊறிய துருவின் வாடை கையில் ஏறிவிட்டால் மூன்று நாளைக்குப் போகாது. சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும், சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும்போது முதலில் அதுதான் மூக்கில் வந்து நிற்கும். எனக்குப் பன்னிரண்டு வயதான ஐப்பசியில், காரைக்குடி வீட்டில் ஒரு வாரம் முழுக்க அந்த வாடையோடுதான் அம்மாவும் நானும் சாப்பிட்டோம், தூங்கினோம். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் உட்காரட்டும் என்று இருந்தேன்.

அந்தத் துரு, அப்பா சொந்தமாக வாங்கி வாடகைக்கு ஓட்டிய அம்பாசிடர் காருடையது. சித்திரையில் மஞ்சள் காமாலை கண்டு பத்தே நாளில் அவர் போய்ச் சேர்ந்த பிறகு, ஒழுகும் கொட்டகைக்குள் கார் நின்றது நின்றபடி நின்று, டயர்களில் காற்றிறங்கித் தரையோடு அமர்ந்துவிட்டது. அதைத் தானே ஓட்டக் கற்றுக்கொண்டு பிழைப்பது என்று அம்மா முடிவு செய்திருந்தாள். அது தெரியாமல் அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, பழைய இரும்பு வாங்குபவர் ஒருவரைக் கூட்டிவந்தார். அந்த மனிதர் முன்சக்கரத்து "நட்டில்" பானா என்கிற ஸ்பேனரை மாட்டி அழுத்தித் திருகிப் பார்த்துவிட்டு, "பஞ்சர் பாக்கக்கூடச் சக்கரம் கழலாது. வெட்டித்தான் எடுத்துட்டுப் போகணும்" என்றார்.

"கேட்டுக்கிட்டீகளா மதினி? பொம்பளப் புள்ளைய வச்சிருக்கீக, ஒங்களுக்குக் காரு எதுக்கு? ஞாயித்துக்கெழம ஆள் வருது" என்றார் சித்தப்பா.

"அதுக்குள்ள நாலு சக்கரத்தையும் நாங்க கழட்டிப்புட்டா?" என்றாள் அம்மா.

சித்தப்பா சிரித்தார். "கழட்டுங்க, அப்பறம் நான் வாயே தெறக்கல."

அம்மா சிங்கம்புணரித் தச்சர் வீட்டுப் பெண். மரம் தெரியும், இரும்பு தெரியாது. எனக்கு இரண்டும் தெரியாது. முதல் நாள் கோபத்தில் பானாவின் மேல் ஏறி நின்று குதித்ததில், முன்பக்க இடது சக்கரத்து நட்டு ஒன்றின் முனைகள் மழுங்கிப் பானா பிடிக்காமல் வழுக்கத் தொடங்கியதுதான் மிச்சம். அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. கம்பி பிரஷ்ஷால் சுரண்டினோம், மண்ணெண்ணெய் விட்டோம், சுத்தியலால் மெதுவாகத் தட்டிவிட்டுக் காத்திருந்தோம். பானாவின் பிடியில் தண்ணீர்க் குழாய்த் துண்டைச் சொருகி நீளமாக்கி, இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு திருகி, பிறகு கழற்றும் பக்கம் இழுத்தோம். முதல் நட்டு "கிரீச்" என்று அசைந்தபோது தெருவே திரும்பிப் பார்க்கும்படி நான் கத்தினேன். வியாழக்கிழமைக்குள் மூன்று சக்கரங்கள் கழன்றன. அந்த இடது முன்சக்கரம் மட்டும் அசையவில்லை.

அந்தத் துருவே வேறு மாதிரி இருந்தது, செதில் செதிலாக, இடையிடையே வெள்ளை பூத்து. ஏன் செய்தேனோ, விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

"உப்பும்மா."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா தினமும் சவாரி கிளம்பும்போது, வாசல் பக்கமாக நிற்கும் அந்தச் சக்கரத்துக்குத்தான் அவள் "கண்ணேறு" கழிப்பாள். உப்பைக் கையில் அள்ளி வண்டியைச் சுற்றிவந்து, செம்புத் தண்ணீரில் கரைத்து, சக்கரத்தின் மேலேயே ஊற்றிவிடுவாள். எத்தனை வருடத்து உப்பு அது! அவர் பத்திரமாகத் திரும்பி வரவேண்டும் என்று ஊற்றிய தண்ணீர்தான் இப்போது வண்டியைப் பறிக்கப் பார்த்தது. அன்று அவள் அழுத அழுகையை அப்பா செத்த அன்றுகூட நான் பார்க்கவில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

"நான் போட்ட துரு. நானே எடுக்குறேன். அந்தப் பிரஷ்ஷ இங்குட்டுக் கொண்டா."

ஞாயிறு காலை சித்தப்பாவும் இரும்புக்காரரும் வெட்டும் சாமான்களோடு வந்து நின்றபோது ஒரே ஒரு நட்டு பாக்கி. நாங்கள் மழுக்கிய அதே நட்டு. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கத்துப் பட்டறையில் இரவல் வாங்கிய இரும்பு வெட்டும் உளியை நட்டின் ஓரத்தில் சாய்வாக வைத்து, கழலும் திசையில் அடிக்க ஆரம்பித்தாள். இரண்டு அடி அவள் கட்டைவிரலில் விழுந்து நகம் கறுத்தது. இரும்புக்காரருக்கே பொறுக்கவில்லை.

"தள்ளுங்கம்மா, நான் அடிக்கிறேன்."

"நீங்க வெட்ட வந்தவுக. இது கழட்டுற வேல" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

பத்துப் பதினைந்து அடிக்குப் பிறகு நட்டு நகர்ந்தது. கடைசிச் சுற்றைக் கையாலேயே திருகி எடுத்து, அதைச் சித்தப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். சொன்னபடி அவர் அன்று வாயைத் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து ஊரெல்லாம் போய்த் திறந்தார். அம்மா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல், மானகிரிப் பக்கத்துப் பொட்டலில் வண்டி ஓட்டப் பழகினாள். பதினோரு வருடம் அந்தக் கார்தான் எங்களுக்குச் சோறு போட்டது, என்னைப் படிக்க வைத்தது.

இன்று கொட்டகை இருந்த இடத்தில் மாடி வீடு நிற்கிறது. இரும்புக்காரரும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. என் காருக்கு டயர் மாற்றப் போனால் காற்றுத் துப்பாக்கியை வைத்து நொடியில் கழற்றிவிட்டு, "ஆம்பளைங்க யாரும் வரலையா மேடம்?" என்று மட்டும் தவறாமல் கேட்கிறார்கள். வரவில்லை, வரவேண்டிய தேவையும் இல்லை என்று நானும் தவறாமல் சொல்கிறேன்.

அம்பாசிடரும் இப்போது இல்லை. உதிரி பாகங்கள் கிடைக்காமல் போன பிறகு, சிவகங்கையில் ஒருவர் வாங்கிக்கொள்ள முன்வந்தார். பழைய வண்டிதானே, லாரி அனுப்பி ஏற்றிக்கொள்கிறேன் என்றார். "ஓடுற வண்டிய எதுக்குத் தூக்கணும்?" என்று கேட்ட அம்மா, தானே சிவகங்கை வரை ஓட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள்.