செல்வி கொண்டுவந்த டிராலி

செல்வி போய்விட்டாள்.

நேற்று ஷிப்ட் முடிந்து கேட்டில் போனைத் திரும்ப வாங்கினேன். அவள் நம்பரிலிருந்து இரண்டு மிஸ்டு கால். கூப்பிட்டால் அவள் தம்பி எடுத்தான்.

"அக்கா காலையிலயே போயிடுச்சுக்கா... நாலு நாளா ஜொரம். உங்களுக்கு போன் போட சொல்லிக்கினே இருந்துச்சு. இன்னாத்துக்குன்னு தெரியலக்கா."

போர் விமானத்துக்கு இறக்கை செய்யும் பிளான்டில் நானும் அவளும் ஒரே ஸ்டேஷன். இறக்கைத் தகட்டில் துளை போட்டு ரிவெட் அடிக்கும் வேலை. நான் சங்கராபுரம், அவள் நைனார்பாளையம், ஒரே மாவட்டம். பெங்களூரில் எங்கள் ஊர்ப் பேச்சு எங்களுக்கு மட்டும்தான் புரியும்...

சேர்ந்த இரண்டாம் மாதமே லைனை நிறுத்தினாள். டிரில் பிட்டின் நுனி உடைந்து காணவில்லை. நொய்யரிசி அளவு இருக்கும்.

சூப்பர்வைசரும் தமிழ்க்காரர்தான். "தரையில எங்கயாச்சும் விழுந்திருக்கும், வேலையைப் பாரும்மா" என்றார்.

"உள்ள கெடந்தா இன்னா சார் பண்றது? மேல ஒரு ஆளு உக்காந்து ஓட்டுவாரே" என்று சொல்லிக்கொண்டே, லைனை நிறுத்தும் கயிற்றை இழுத்துவிட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மொத்த லைனும் நின்றது.

இரண்டு மணி நேரம் தேடினோம். இறக்கைக்குள்தான் கிடந்தது. கேமரா விட்டுப் பார்த்து எடுத்தார்கள்.

அப்புறம் வேலை நேரத்தைச் சுருக்க வழி பார்க்கும் லீன் டீம் வந்தது. வீண் நடையைக் குறைக்க ஐடியா கேட்டார்கள். செல்வி ஒரு வாரம் எங்கள் நடையை எண்ணினாள். எல்லா டூல்ஸும் கைக்கெட்டும்படி ஒரு சின்ன டிராலி வரைந்து கொடுத்தாள்... ஃபோமில் ஒவ்வொரு டூலுக்கும் அதனதன் வடிவத்தில் குழி வெட்டி.

கைதட்டினார்கள். நோட்டீஸ் போர்டில் போட்டோ. டிராலி வந்ததும் வேலை அவ்வளவு சீக்கிரம் முடிந்தது.

நான்கு பேர் செய்ததற்கு மூன்று பேர் போதும் என்றானது. கடைசியாகச் சேர்ந்த கான்ட்ராக்ட் ஆள் அவள்தான். கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை.

பஸ் ஏற்றிவிடப் போனேன். அழவில்லை. "டிராலி நல்லா ஓடுதாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

ஊரில் மக்காச்சோளக் காட்டுக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். எப்போது பேசினாலும், "ஆள் எடுக்கறாங்களாக்கா?" என்பாள். கேட்டுச் சொல்கிறேன் என்பேன். கேட்டேன்... இரண்டு முறை. மூன்றாவது முறை கேட்கவில்லை.

இன்று நைனார்பாளையம் போனேன். அவள் அம்மா என் கையை விடவே இல்லை.

"எம் பொண்ணு வேலைல இன்னா தப்பு பண்ணிச்சிம்மா?"

"ஒரு தப்பும் பண்ணலம்மா. எங்க எல்லாரையும் விட நல்லா செஞ்சா."

"அப்புறம் இன்னாத்துக்கு அனுப்பிட்டாங்க?"

அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்று யாரோ காதில் சொன்னார்கள். சொல்லாமலே வந்து சின்னசேலம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே சொல்லிக்கிறேன்...

வரேன் செல்வி.