அக்காவுக்கு ஒரு கறுப்புச் சட்டை

லண்டனில் எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு சட்டி தேத்தண்ணி ஆறிக்கொண்டே இருக்கும். குடிக்க அல்ல, புத்தம்புது லேஸைத் தோய்த்துப் பழசாக்க. நாடகங்களுக்கு உடுப்பு வாடகைக்கு விடும் கடை ஒன்றுக்கு நான் வீட்டிலிருந்து தைக்கிறேன். விக்டோரியா மகாராணி காலத்துக் கவுன் பளபளத்தால் கடைக்கார மார்கரெட் முகம் சுளிப்பாள். காசு கொடுத்து வாங்கிய துணியை ஊத்தையாக்கச் சொல்லும் சனத்தை இங்கேதான் கண்டேன்.

எங்கள் ஊர் குருநகரில் நானும் அக்காவும் கூத்துக்கு உடுப்புத் தைத்த காலத்தில் இப்படிச் செய்திருந்தால் எங்களை உயிரோடு விட்டிருக்கமாட்டார்கள். அரசன் எந்த நூற்றாண்டில் செத்தவனானாலும் மேடையில் மினுங்க வேண்டும். துணி கூப்பனுக்கு அளந்து கிடைத்த நாட்களிலும் அப்படித்தான். அக்கா வெட்டுவாள், நான் மெஷின் மிதிப்பேன். பகலெல்லாம் கிழிந்த மீன்வலை பொத்திய ராசா வேஷக்காரர் அளவு கொடுக்க வந்து, இப்போதே முடி சூட்டியதுபோல நெஞ்சை நிமிர்த்தி நிற்பார்.

"மூச்சை விடுங்கோ அண்ணை. பிறகு மேடையிலை தையல் வெடிச்சால் எங்களைத்தான் பேசுவினம்" என்பாள் அக்கா. ராசா வெட்கப்பட்டுச் சிரிப்பார்.

அதே மெஷினில் கறுப்பும் தைத்தோம். எங்கள் கத்தோலிக்கத் தெருவில் சாவு விழுந்தால் அந்த வீட்டுப் பெண்கள் தங்கள் துக்க உடுப்பைத் தாங்களே தைப்பதில்லை. அயலில் உள்ளவர்கள்தான் தைத்துக் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும். "செத்த வீட்டுக்காரியின்ரை கையிலை ஊசியைக் குடுக்கிறதே?" என்று அக்கா படபடவென்று வெட்டத் தொடங்கிவிடுவாள்.

அந்த அக்கா செத்துப்போனாள் என்று தந்தி வந்தது. "இனி வெளிக்கிட்டாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேரேலாது" என்றார் என் மனுசன். ஓம் என்றேன். சோறு வைத்தேன். அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அலுமாரியில் கறுப்புத் துணி கிடந்தது. எனக்கென்று அதை வெட்டக் கை போகவில்லை. வேறு யார் தைத்துத் தருவார்கள்? பக்கத்து வீட்டுக்காரியின் பெயரே எனக்குத் தெரியாது. கூடப்பிறந்தவளுக்காக ஒருநாள்கூடக் கறுப்பு உடுக்காமல் பூப்போட்ட சட்டையோடு திரிந்தேன். மற்றதெல்லாம் மரத்துப்போயிருக்க, இது ஒன்றுதான் உள்ளே அரித்தது.

பிறகு மார்கரெட்டிடமிருந்து ஒரு வேலை வந்தது. நாடகத்தில் வரும் விதவைக்கு, கழுத்திலிருந்து கால்வரை கறுப்புக் கவுன். ஆரோ நடிகைக்குத்தானே என்று தைத்தேன். கொண்டுபோன அன்று அந்த நடிகை வந்திருக்கவில்லை. "நீயும் அவளின் உயரம்தானே, போட்டுக்கொண்டு நில்" என்றாள் மார்கரெட். அவள் பேசிய ஆங்கிலத்தை உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன். முதுகுப் பக்கக் கொளுக்கிகளை அவளே மாட்டினாள். முழந்தாளிட்டு, வாயில் குண்டூசிகளோடு, உயரம் பார்க்கவென்று நான் தைக்காமல் விட்ட கீழ்க்கரையை மடித்து என் காலைச் சுற்றித் தைக்கத் தொடங்கினாள்.

கண்ணாடியில் நான் துக்க உடுப்போடு நின்றேன்.

"நன்றாக நிற்கிறாயே! நிசமாகவே ஆரையோ பறிகொடுத்தவள் மாதிரி" என்று சிரித்தாள்.

"என் சிஸ்டர்" என்றேன்.

"அட, சிஸ்டர் சொல்லித்தந்ததா? அவள் நடிகையா?"

"இல்லை, தையல்காரி."

அவள் தலையாட்டிவிட்டுக் குனிந்தாள். கொஞ்சம் மெல்லத் தை, எனக்கு அவசரமில்லை என்றேன். அவளுக்கு அவசரம். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், எழும்பினாள், என்னைத் திருப்பி நிறுத்திக் கொளுக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

ஊரில் என்றால் ஒரு வருஷம் உடுத்திருப்பேன்.