கப்பல் கனத்தில் நாலு சக்கரம்

என் கணவருக்குக் கப்பல் பட்டறையில் பெயிண்ட் பரிசோதகர் வேலை. கப்பலின் அடிப்பக்கத்தில் பெயிண்ட் எத்தனை கனத்துக்கு ஏறியிருக்கிறது என்று ஒரு சின்னக் கருவியை வைத்துப் பார்ப்பார். குறைந்தால் மறுபடி அடிக்கச் சொல்வார். இருபது வருடமாக "பத்தாது, இன்னொரு கோட் போடு" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் தோசைக்கு எண்ணெய் விடும்போதும் அதே குரல்தான். அப்படிப்பட்டவரிடம் போய், கார் ரிம்முக்குப் பெயிண்ட் அடிக்க ஒரு கடையைப் பார்க்கலாமா என்று கேட்டது என் தப்பு.

கார் எனக்காக வாங்கியது. நாற்பத்தேழு வயதில் எனக்குக் கார் ஓட்டும் ஆசை வந்தது. எதற்கு என்று கேட்காதீர்கள், வந்துவிட்டது. இரண்டு முறை தேர்வில் தோற்றேன். முதல் தடவை ஆறுதல் சொன்னார். இரண்டாவது தடவை, "அதான் எம்ஆர்டி ரயில் இருக்கே லா" என்றார். அது சுருக்கென்று தைத்தது. மூன்றாவது முறை தேறிய பிறகும் அந்த வலி போகவில்லை.

பாலர் பள்ளியில் நாள் முழுக்க பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவள், எனக்கா பயம் என்று வெளியே வாய்ச்சவடால் அடித்தேன். உள்ளுக்குள் நடுக்கம்தான். அதனால் அவரிடம் ஒரு பேச்சு பேசிவைத்தேன். நான் ஓட்டும் முதல் நீண்ட பயணம் நல்லபடியாக முடிந்தால் கார் என் கையில். இல்லையென்றால் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டு இனி அந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன். அவர் உடனே சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

வாங்கிய கார் பழையது. முன்பு வைத்திருந்தவர் நடைபாதை விளிம்பில் உரசி உரசியே நிறுத்தியிருப்பார் போல. நாலு ரிம்மும் சொறி பிடித்த மாதிரி இருந்தன. இந்தக் கோலத்தில் கோயிலுக்குக் கொண்டுபோய் பூஜை போட எனக்கு வெட்கமாக இருந்தது. கடையில் கேட்ட விலை அவருக்கு அதைவிட வெட்கமாக இருந்தது. "பெயிண்ட்டுக்கு நான் இன்னொருத்தனுக்குக் காசு கொடுக்கணுமா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். போகிறவரிடம் லிட்டில் இந்தியாவில் கீரை மட்டும் வாங்கிவரச் சொன்னேன். கீரையோடு உப்புத்தாள், அடிப்பூச்சுக்குப் பிரைமர், வெள்ளி நிற ஸ்ப்ரே டப்பாக்கள் எல்லாம் வந்தன.

நாலு ஞாயிற்றுக்கிழமை, நாலு சக்கரம். ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் ஸ்பேர் சக்கரத்தை மாட்டிவிட்டு, கழற்றியதை லிஃப்டில் ஏற்றி ஒன்பதாவது மாடிக்குக் கொண்டுவருவார். பக்கத்து வீட்டுச் சீன அம்மா லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, இதென்ன குழந்தையா என்பது போலப் பார்த்துச் சிரிப்பார். குளியலறையில் என் பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு வீட்டு வாசலில் பழைய பிரிட்ஜ் அட்டைப்பெட்டியைப் படுக்கவைத்து, அதற்குள் சக்கரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று வைத்த சாம்பாரில்கூட பெயிண்ட் தின்னர் வாசனை.

டயரில் பெயிண்ட் படாமல் இருக்க, ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் சுற்றிலும் தடித்த அட்டைகளைச் செருக வேண்டும். அட்டைக்கு எங்கே போவது? எந்தத் தமிழ் வீட்டிலும் தூக்கிப் போட மனசு வராமல் சேர்த்துவைத்திருக்கும் கல்யாணப் பத்திரிகைகள் எங்கள் வீட்டிலும் ஒரு பை நிறைய இருந்தன. யார் யாருடைய கல்யாணமோ வட்டமாக வந்து நின்றது. பிள்ளையார் படம் இருப்பதை மட்டும் நான் எடுத்துவைத்துக்கொண்டேன். பிள்ளையார் மேல் பெயிண்ட் பட்டால் என் முதல் பயணம் என்ன ஆகும்?

வேலை சுத்தமான வேலை, அதைச் சொல்லத்தான் வேண்டும். உரசல்களில் பட்டி வைத்துத் தேய்த்து, பிரைமர் அடித்து, வெள்ளி அடித்து, பளபளப்புக்கு மேல்பூச்சும் அடித்தார். ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. "பத்தாது" என்று இன்னொரு கோட், அதற்கு மேல் இன்னொரு கோட். சக்கரத்தின் பின்பக்கம், நட் உட்காரும் ஓட்டைகள், எதையும் விடவில்லை. "அங்க யாருங்க பாக்கப் போறா?" என்றேன். "கப்பல்ல நகக்கண் அளவு விட்டா போதும், உப்புத் தண்ணி தின்னுடும்" என்றார். நாங்கள் குடியிருக்கும் புக்கிட் மேராவில் ரோட்டில் ஏது உப்புத் தண்ணி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கடைசியில் நாலு ரிம்மும் புது எவர்சில்வர் தட்டு போல ஜொலித்தன. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு காலை, கேலாங் கோயிலில் பூஜை. ஐயர் ரிம்முக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் மெதுவாக ஏற்றி நசுக்கினேன். அங்கிருந்து ஊரின் மறுகோடியில் இருக்கும் கிராஞ்சி. ஒரு நர்சரியில் கறிவேப்பிலைச் செடி வாங்குவது என்று பெயர், உண்மையில் அதுதான் என் நீண்ட பயணம். விரைவுச்சாலையில் இடது தடத்தில் மாட்டு வண்டி போலப் போனேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

விரைவுச்சாலையை விட்டு இறங்கிய பிறகு சத்தம் ஆரம்பித்தது. முன்பக்கம், இடது புறம். டொக், டொக், டொக்.

"என்னங்க சத்தம்?"

"எலுமிச்சம்பழத் தோல் டயர்ல ஒட்டியிருக்கும். தானா விழுந்துடும்."

இன்னும் கொஞ்ச தூரத்தில் ஸ்டியரிங் கையில் நடுங்கியது. சொன்னேன். "நீ ரொம்ப இறுக்கிப் புடிக்கிற. பயத்துல அப்படித்தான் தெரியும். லூசா விடு லா" என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ? கார் நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் ஓட்ட வரவில்லையோ? சாவியைக் கொடுத்துவிடலாம், இந்த வயதில் எதற்கு இந்த வேண்டாத வேலை என்றுகூட நினைத்தேன். ஆனால் வேகம் கூடினால் சத்தமும் கூடியது, குறைத்தால் குறைந்தது. தோல் என்றால் இத்தனை தூரத்தில் உதிர்ந்திருக்குமே. என் பயத்துக்கு டொக் டொக் என்று சத்தம் போடத் தெரியாது.

சிக்னல் போட்டு ஓரமாக நிறுத்தினேன். "இங்க எதுக்கு நிறுத்துற?" என்றார். இறங்கிப்போய்க் குனிந்து பார்த்தேன். முன் இடது சக்கரத்தில் ஐந்து நட். மூன்று என் விரலுக்கே சுற்றின.

கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஒரு நட்டைக் கழற்றிப் பார்த்தார். ஓட்டையின் விளிம்பில் அடுக்கடுக்காக ஏறியிருந்த பெயிண்ட் நசுங்கி, பொடிப்பொடியாக உதிர்ந்தது. நட் இறுக்கிப் பிடித்தது இரும்பை அல்ல, பெயிண்ட்டை. அது நசுங்கியதும் பிடி தளர்ந்துவிட்டது. மற்ற மூன்று சக்கரத்திலும் அதே கதை, கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

உச்சி வெயிலில் ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, நட் உட்காரும் இடத்தையெல்லாம் டிக்கியில் கிடந்த கத்தியாலும் உப்புத்தாளாலும் அவர் சுரண்டினார். திருப்பி மாட்டியதை நான் இறுக்கினேன். ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தேன். என் உடம்பு எடை உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டது அன்றைக்குத்தான். வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போன லாரியிலிருந்து ஒரு தமிழ்ப் பையன், "அக்கா, உதவி வேணுமா?" என்று கத்தினான். "வேணாம் தம்பி, முடிஞ்சிருச்சு" என்று நானும் கத்தினேன்.

கை துடைக்கும்போது அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "நீ நிறுத்தலன்னா..." துணியை மடித்து டிக்கியில் போட்டார். பிறகு, "தப்பு என்னுது. பெயிண்ட்டும் என்னுது, எலுமிச்சம்பழம்னு சொன்னதும் நான்தான்" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. எனக்குக் கோபம் இருந்த இடமே தெரியவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

செடி வாங்கினோம். வழியில் ஒரு தடவை நிறுத்தி எல்லா நட்டையும் மறுபடி இறுக்கிப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. மறுநாள் ஒரு பட்டறையிலும் காட்டுவது என்று முடிவு செய்தோம்.

திரும்பி வரும்போது விரைவுச்சாலையில் நடுத்தடத்துக்கு மாறினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லையே என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம். அவர் தம்பி ஓட்டினால்கூட கண் கொட்டாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருகிற மனிதர். எங்கள் பிளாக்குக்கு வந்து, கார் பார்க்கில் மூன்றாவது மாடி வரை வளைத்து வளைத்து ஏற்றி, இரண்டு தூணுக்கு நடுவில் பின்பக்கமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்தேன். அப்போதும் அவர் விழிக்கவில்லை. எழுப்பாமல், சாவியை உருவி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.